தமிழில் மருத்துவம் பயிற்றியவர்

நுழையும்முன்

நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால், நோயாளியின் வலி அவருடைய தாய்மொழியில்தான் வெளிப்படும். அந்த வலியைக் கேட்டறிந்து போக்கவேண்டிய மருத்துவர், எந்த மொழியில் எவ்வாறு கற்கவேண்டும்? இவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்நாள் உழைப்பால் விடைகாண முயன்றார் ஒருவர். கடல்கடந்து வந்து, தமிழைக் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளது வூஸ்டர் நகரம். அங்குள்ள கிரீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. அவர்தம் தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க் மாநகரின் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். அந்நகரின் புகழ்பெற்ற மையப்பூங்கா உருவாகப் பெரிதும் உழைத்தவர். தமையனார் ஒரு மாநகரைக் கட்டியெழுப்பினார். தம்பியோ, பனைமரங்கள் சூழ்ந்த யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களைத் தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டார்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற கிரீன், 1845ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். மேலை மருத்துவம் பெரும் மாற்றங்களின் வாயிலில் நின்றிருந்த காலம் அது. நோயாளியை மயக்கநிலையில் வைத்து அறுவை செய்யலாம் என்பது, 1846ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவமனையில் பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது. நோய்களுக்கு நுண்ணுயிரிகள் காரணம் என்னும் உண்மை அப்போது நிலைநாட்டப்படவில்லை. ஆகவே, அன்றைய மருத்துவ மாணவர் கற்றவற்றுள் பல விரைவில் மாறக்கூடியவையாக இருந்தன. ஒருமுறை கற்றதைக்கொண்டு வாழ்நாள் முழுவதும் மருத்துவம் செய்ய இயலாது; தொடர்ந்து கற்றல் வேண்டும். கிரீனின் பிற்காலப் பணியில் இவ்வுண்மை முதன்மை இடம்பெற்றது.

யாழ்ப்பாணம் வருதல்

இலங்கையின் வடபகுதியில் 1816ஆம் ஆண்டு முதலே அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் தங்கியிருந்தனர். அங்கு முதலில் மருத்துவப் பணியாற்றியவர் ஜான் ஸ்கடர். பின்னாளில் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர், இவருடைய பேர்த்தியாவார். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செமினரி என்னும் உயர்கல்விக்கூடம், அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. சங்க இலக்கியங்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே.

சமயப் பணியோடு மருத்துவப் பணியையும் ஆற்றும்பொருட்டு, 1847ஆம் ஆண்டில் கிரீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. வட்டுக்கோட்டையில் சிறிதுகாலம் பணியாற்றியபின், 1848ஆம் ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்றார். அவ்வூரே அவருடைய வாழ்வின் மையமாயிற்று.

மருத்துவம் என்பதே அறியாத மக்களிடையே கிரீன் வரவில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண மன்னர் காலத்திலேயே தோன்றியிருந்தன. ஊர்தோறும் தமிழ் வைத்தியர்கள் இருந்தனர். நோய்க்கும் மருந்துக்கும் உடலுறுப்புக்கும் தமிழில் சொற்கள் பல வழங்கிவந்தன. எனினும், வாந்திபேதி, பெரியம்மை போன்ற கொள்ளைநோய்களால் மக்கள் பெருந்துன்பம் அடைந்தனர். அறுவை மருத்துவமும் பேறுகால உதவியும் தேவைப்பட்டோர் எண்ணற்றோர். தனியொரு மருத்துவர் இத்துணை மக்களுக்கும் மருத்துவம் செய்ய இயலாது என்பதைக் கிரீன் விரைவிலேயே உணர்ந்தார். தாம் ஒருவராக நோயாளிகளைப் பார்ப்பதினும், அம்மண்ணின் இளைஞர்களை மருத்துவர்களாக்குவதே நிலைத்த பயன்தரும் என்று தெளிந்தார்.

நோயாளியின் அருகில் ஒரு வகுப்பறை

மானிப்பாய்க்கு வந்த சிறிதுகாலத்திலேயே கிரீன் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மருந்தகமும் வகுப்பறையும் ஓரிடத்தில் அமைந்தன. மாணவர்கள் நூலில் படித்ததை நோயாளியிடம் கண்டனர். நோயாளியிடம் கண்டதை மீண்டும் நூலில் தேடினர். மருத்துவக் கல்வி இவ்வாறு ஏட்டறிவும் பட்டறிவும் இணைந்ததாக அமைந்தது. இலங்கையில் முறையான மேலை மருத்துவக் கல்வியின் தொடக்கம் இதுவே.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. அன்றைய சூழலில் அது இயல்பாகவே தோன்றியது. மாணவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள். பாடநூல்களும் ஆங்கில நூல்களே. இந்தியாவிலும் காற்று அத்திசையிலேயே வீசியது. கிரீன் பிறந்த 1822ஆம் ஆண்டில், இந்திய மொழிவழி மருத்துவம் பயிற்றும் நிறுவனம் ஒன்று கொல்கத்தாவில் தொடங்கப்பட்டிருந்தது. 1835ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அதனை மூடிவிட்டு, ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரியை அங்கு நிறுவியது. அதே ஆண்டில் சென்னையிலும் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியது. மேலை மருத்துவத்தைக் கற்க வேண்டுமெனில் ஆங்கிலத்தின் வழியாகவே கற்கவேண்டும் என்னும் கருத்து, இவ்வாறு கேள்விக்கு இடமின்றி வேரூன்றியது.

பிற நாடுகளில் வேறொரு வழியும் இருந்தது. ஜப்பானிய மருத்துவர் சுகிதா கென்பாகுவும் அவர்தம் நண்பர்களும், டச்சு மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றை 1774ஆம் ஆண்டிலேயே தம் நாட்டில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். சீனத்தில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் பெஞ்சமின் ஹாப்சன், 1851ஆம் ஆண்டில் சீனமொழியில் உடற்கூற்று நூலொன்றை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே தமிழிலும் அத்தகைய நூல் வெளிவந்தது. கால்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிய நூலைக் கிரீன் தமிழாக்கி, ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் பெயரில் 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். உடலின் அமைப்பு, உடலின் இயக்கம், உடல்நலம் பேணல் ஆகிய மூன்றையும் அந்நூல் விளக்கியது. பேறுகால மருத்துவத்தை விளக்கும் ‘பிரசவ வைத்தியம்’ 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பட்டம் பெற்றவர்கள் எங்கே சென்றார்கள்?

கிரீனின் மாணவர்கள் திறமையாகவே கற்றுத் தேறினர். ஆயினும், பயிற்சி முடிந்தபின் அவர்கள் சென்ற திசையே அவரைச் சிந்திக்கச் செய்தது. ஆங்கிலம் கற்ற மருத்துவருக்கு அரசுப் பணி கிடைத்தது. நகரங்களில் நல்ல ஊதியமும் மதிப்பும் கிடைத்தன. அதனால் பலர் சிற்றூர்களை விட்டு நீங்கினர். யாருக்காக அவர்கள் பயிற்றப்பட்டார்களோ, அந்த மக்களுக்கு அவர்களுடைய பணி கிடைக்காமற் போயிற்று.

கல்விமுறையின் வெற்றியை எதனைக்கொண்டு அளப்பது என்னும் வினா இங்கே எழுகிறது. மாணவர் தேர்வில் தேறினார் என்பது ஓர் அளவு. தேறியவர் யாருக்குப் பயன்பட்டார் என்பது மற்றோர் அளவு. முதல் அளவில் வெற்றியாகத் தோன்றிய கல்வி, இரண்டாம் அளவில் குறைவுடையதாக இருந்தது. இக்குறைக்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்கிவிடக் கிரீன் முற்படவில்லை. தாம் பயிற்றிய முறையிலேயே காரணம் இருப்பதை உணர்ந்தார். ஆங்கிலவழிக் கல்வியே அவர்களை ஊரிலிருந்து வெளியே அழைத்துச் செல்லும் பாதையாக அமைந்திருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியும் இத்தகைய விமரிசனத்துக்கு உள்ளாகி, 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

பத்தாண்டுக் கடும் உழைப்பால் உடல்நலம் குன்றிய கிரீன், அமெரிக்கா திரும்பினார். ஆனால் யாழ்ப்பாணத்தை அவர் மறக்கவில்லை. 1862ஆம் ஆண்டில் மார்கரெட் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே துணைவியாருடன் மானிப்பாய்க்கு மீண்டும் வந்தார். இம்முறை அவர் ஓர் உறுதியோடு வந்திருந்தார். இனி மருத்துவம் தமிழிலேயே பயிற்றப்படும் என்பதே அவ்வுறுதி.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

1864ஆம் ஆண்டளவில் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது. இம்முடிவு எளிதானதன்று. ஆங்கிலம் அறிந்தால் அரசுப் பணி கிடைக்கும் என்று மாணவர்களும் பெற்றோர்களும் எண்ணியிருந்த காலத்தில், ஆங்கிலத்தை விலக்கிய ஒரு பயிற்சியை ஏற்பதற்குத் துணிவு வேண்டும். தமிழில் கற்றவர் புதிய மருத்துவச் செய்திகளை அறியாமல் தேங்கிவிடுவாரோ என்னும் ஐயமும் நேர்மையானதே. அந்த ஐயத்தைப் போக்கும் வழி ஒன்றுதான். ஆங்கிலத்தில் மாணவர்கள் படிக்கும் சிறந்த நூல்கள் அனைத்தையும் தமிழுக்குக் கொண்டுவருதல் வேண்டும். அப்பெருஞ்சுமையைக் கிரீன் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

பகலில் நோயாளிகள், பின்னர் வகுப்புகள், எஞ்சிய பொழுதில் மொழிபெயர்ப்பு என அவருடைய நாள்கள் கழிந்தன. இப்பணியில் அவர் தனித்து நிற்கவில்லை. டான்போர்த், சாப்மன், பால் முதலிய அவருடைய மாணவர்கள் உடனிருந்து மொழிபெயர்த்தனர். பெயர்கள் அயல்நாட்டுப் பெயர்களாகத் தோன்றினும், இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே. கல்விக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்களுக்குச் சூட்டுவது அக்கால வழக்கமாக இருந்தது. ஆசிரியரின் மருத்துவ அறிவும் மாணவரின் மொழியறிவும் இணைந்தே அந்நூல்கள் உருவாயின. கற்பித்தவர் தம் மாணவரிடமிருந்தும் கற்றார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல், இலண்டனில் 1858ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்களால் போற்றப்படும் நூல் அது. அந்நூல் வெளிவந்த பதினான்கே ஆண்டுகளில், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழுக்கு வந்துவிட்டது. அறிவு பிறந்த இடத்திற்கும் தமிழுக்கும் இடையிலிருந்த தொலைவைக் கிரீன் எவ்வளவு குறைத்தார் என்பதற்கு இது சான்றாகும்.

கிரீனின் முயற்சியால் வெளிவந்த நூல்களுள் சில

1. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் - 1852
2. பிரசவ வைத்தியம் - 1857
3. இரண வைத்தியம் - 1867
4. மனுஷ அங்காதிபாதம் - 1872
5. வைத்தியாகரம் - 1872
6. கெமிஸ்தம் - 1875
7. மனுஷ சுகரணம் - 1883

இவையன்றி, இந்திய மருந்துப் பொருள்களை விளக்கும் ‘இந்து பதார்த்த சாரம்’ என்னும் நூலும் அவருடைய முயற்சியில் உருவானதாகும். அவர் தமிழுக்கு அளித்த மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டவை.

சொல்லைத் தேடிய நெறி

ஒரு துறையை மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவோர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொற் சிக்கல். கிரீன் இதற்கு ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். ஒரு கருத்தைக் குறிக்க மக்களிடையே தமிழ்ச்சொல் வழங்குமாயின், அதனையே முதலில் எடுத்துக்கொண்டார். தமிழில் இல்லாதபோது, வடமொழிச் சொல்லை நாடினார். அதுவும் பொருந்தாதபோது, ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிமரபுக்கு ஏற்பத் திரித்து அமைத்தார். பிரசவம், இரணம் என்பன மக்கள் நாவில் வழங்கிய சொற்கள். ஆகவே, பேறுகால மருத்துவத்தையும் அறுவை மருத்துவத்தையும் கூறும் நூல்கள் அப்பெயர்களைப் பெற்றன. வேதியியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், தமிழ் ஈறு பெற்றுக் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று.

இன்று நாம் உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்று வழங்குகிறோம். அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் ஆகிய சொற்கள் வழக்கொழிந்தன. ஆனால், அவர் காட்டிய நெறி வழக்கொழியவில்லை. பின்வந்த கலைச்சொல்லாக்க முயற்சிகள் பலவும் எதிர்கொண்ட வினாக்களை அவர் முன்னரே எதிர்கொண்டு, தமக்கென ஒரு விடையும் கண்டிருந்தார். நூல்களோடு கலைச்சொற் பட்டியல்களையும் அவர் தொகுத்தளித்தார். தாம் ஆக்கிய சொல்லைப் பிறரும் ஒரே பொருளில் வழங்கினால்தான் அது கலைச்சொல்லாக நிலைபெறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மருத்துவத்தில் ஒரு சொல் பிழைபட்டால் இழப்பு பெரிது. மருந்தின் அளவோ, நரம்பின் இடமோ மயக்கந்தரும் சொல்லால் சுட்டப்படின், அதன் விளைவை நோயாளியே ஏற்கநேரும். ஆகவே, கிரீனுக்குச் சொல்லாராய்ச்சி புலமை விளையாட்டாக இருக்கவில்லை. அது மருத்துவப் பணியின் ஒரு கூறாகவே இருந்தது.

மாணவர்கள் தம் மக்களோடு இணைந்தவர்களாகவே இருத்தல் வேண்டும் என்பதில் கிரீன் உறுதியாக இருந்தார். மேலை மருத்துவத்தைக் கற்பவர் மேலைநாட்டவராக மாறவேண்டியதில்லை; உடையாலும் பழக்கவழக்கத்தாலும் தம் ஊராரிடமிருந்து விலகவேண்டியதில்லை என்று கருதினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பலர் தமிழிலேயே கற்றவர்கள்.

தாயகத்தில் தொடர்ந்த தமிழ்ப்பணி

1873ஆம் ஆண்டில் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பினார். அதன்பின் அவர் மீண்டும் வரவில்லை. ஆயினும், வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார். தமிழ் வழங்காத ஊரில், தமிழ் மாணவருக்கான நூல்களில் அவர் உழைத்துக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவப் பணியாற்றியவர் என்னும் செய்தியே தம் கல்லறையில் இடம்பெறவேண்டும் என அவர் விரும்பினார். அவ்வாறே அது பொறிக்கப்பட்டது. ஈழத்துக் கவிஞர் அம்பி, கிரீனின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து எழுதித் தமிழ் மக்கள் அவரை மறவாதிருக்கச் செய்தார். மானிப்பாயில் அவர் பெயர்தாங்கிய மருத்துவமனை அவரை இன்றும் நினைவூட்டுகிறது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நீடிக்கவில்லை. கொழும்பில் 1870ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி வளர்ந்தோங்கியது. அரசின் ஏற்பும் பணிவாய்ப்பும் இருந்த பக்கமே மாணவர் சென்றனர். ஒரு மொழியில் நூல்கள் இருந்தால் மட்டும் போதாது. அம்மொழியில் கற்றவருக்கு வாழ்வும் மதிப்பும் அமைதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்குக் கிரீன் விடையளித்துவிட்டார். அக்கல்வியை நிலைபெறச் செய்வது ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய செயலாக இருக்கவில்லை.

இன்றைய மருத்துவக் கல்வியும் கிரீனின் வினாவும்

மருத்துவ மாணவர் எவ்வாறு கற்கின்றனர், அவர்தம் திறனை எவ்வாறு அளப்பது என்பது இன்று தனியொரு ஆராய்ச்சித் துறையாக வளர்ந்துள்ளது. எழுத்துத் தேர்வில் பெறும் மதிப்பெண் மட்டுமே நல்ல மருத்துவரை அடையாளங் காட்டாது என்பதை அத்துறை வலியுறுத்துகிறது. ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்னும் பேராசிரியர், 1975ஆம் ஆண்டில் ஒரு புதிய தேர்வுமுறையை அறிமுகம் செய்தார். மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சென்று, ஓரிடத்தில் நோயாளியிடம் பேசியும், மற்றோரிடத்தில் உடலைச் சோதித்தும் தம் திறனைக் காட்டவேண்டும். எல்லா மாணவரும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுவர். அம்முறை இன்று உலகம் முழுவதும் பரவியுள்ளது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், நோயாளியுடன் உரையாடும் திறனையும் அறநெறியையும் கற்பித்தலின் ஒரு பகுதியாக்கியது. முதலாண்டு மாணவருக்கான தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழிப்பயிற்சிக்கும் அது இடமளித்தது. மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவரும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பினும், மருத்துவம் நோயாளியின் மொழியில்தான் நிகழ்கிறது என்பதன் ஏற்பாக இவற்றைக் கொள்ளலாம்.

ஊத்துக்குளியில் பின்னலாடை தைக்கும் பெண் ஒருவர், முதுகில் நாள்தோறும் ஏற்படும் வலியை மருத்துவரிடம் சொல்கிறார். குத்துகிறதா, குடைகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, எரிகிறதா என்று அவர் கூறும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு காரணத்தைச் சுட்டக்கூடும். அச்சொற்களின் வேறுபாட்டை உணரும் மருத்துவருக்கே நோயின் வேர் புலப்படும். மருந்தை எப்போது, எவ்வளவு உண்ணவேண்டும் என்பதை அப்பெண்ணுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவருக்கே அம்மருத்துவம் முழுமைபெறும். மானிப்பாயின் சிறிய வகுப்பறையில் தமிழ் நூலைக் கையிலேந்தி நின்ற ஆசிரியர், தம் மாணவரை இத்தகைய மருத்துவராக்கவே உழைத்தார். பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் மருத்துவம் பயில விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் பல தேர்வுகளைக் கடந்தாக வேண்டும். அவற்றுள் நோயாளியின் அருகில் நாள்தோறும் நிகழும் தேர்வே இறுதியானது. அதன் வினாத்தாள் மக்களின் மொழியில் அமைந்திருக்கும்.